விழாவும் வீதியும் அங்காடியும்

 

விழாவைப் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். விழா நடைபெறும் வீதியைப் பற்றியும், அவ்வீதியையே நம்பி வாழ்வோரைப் பற்றியும் சேர்த்தே சொல்ல விழைகின்றேன்.

ஊர்ச் சான்றோர் கூடி விழாவை முடிவு செய்தல் தமிழர்க்குப் புதிதன்று. மணிமேகலையின் விழாவறை காதையில், புகார் நகரத்துச் சமயக் கணக்கரும் காலக்கணிதரும் ஐம்பெருங்குழுவினரும் எண்பேராயத்தாரும் ஒருங்கு கூடி இந்திரவிழா எடுக்கத் துணிகின்றனர். முரசறைவோன் அம்முடிவை நகருக்கு அறிவிக்கின்றான். வீதிகளில் புதுமணல் பரப்புக என்கின்றான்; சமயவாதிகள் முறையறிந்து பட்டிமண்டபம் ஏறுக என்கின்றான்; 28 நாளும் பகைவரிடத்தும் சினமும் பூசலும் ஒழிக என்கின்றான்.

அவ்விழாவின் களத்தைச் சிலப்பதிகாரம் காட்டுகின்றது. மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையே, நெருங்கி வளர்ந்த மரங்களையே கால்களாகக் கொண்டு கடைகள் அமைந்த நாளங்காடி அது. அங்கிருந்த காவற்பூதத்துக்குப் பொங்கலும் மலரும் படைத்து விழாவைத் தொடங்கினர். விழாவின் பொருட்டு அங்காடி அகற்றப்படவில்லை. அங்காடியின் நடுவிலேயே விழா பிறந்தது. இது நாம் நெஞ்சிற் கொள்ளத்தக்க செய்தி.

இனி, நம் ஓசூருக்கு வருவோம். 2019-ஆம் ஆண்டில் மாநகராட்சியாக உயர்ந்த நகரம் இது; 2022-இல் 45 வார்டுகளுக்கும் உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் வழங்கும் எல்லை நகரத்தில் திருநாள்களுக்குக் குறைவில்லை. சந்திரசூடேசுவரர் தேரோட்டத்துக்கு ஊரே திரள்கின்றது. யுகாதிக்கு வேப்பம்பூ, விநாயகர் சதுர்த்திக்குக் களிமண் உருவம், ஆயுதபூசைக்குப் பூசணியும் பொரியும், பொங்கலுக்குக் கரும்பு ஆகியவற்றை நம்மில் பலர் சாலையோரத்தில்தான் வாங்குகின்றோம். சிப்காட் பட்டறைகளின் எந்திரங்களுக்குச் சாத்தும் மாலைகளும் அத்தகைய கைகள் தொடுத்தவையே. ஆயினும் ஊர்வலத்துக்கு வழி வேண்டும் என்றவுடன் பல ஊர்களில் முதலில் அகற்றப்படுவது அவர்களுடைய தள்ளுவண்டிதான்.

சட்டம் அவ்வாறு சொல்லவில்லை. தெருவில் வணிகம் செய்தல், நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்ட அடிப்படை உரிமை என்று 1989-இல் சோதன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2014-ஆம் ஆண்டின் தெரு வணிகர் சட்டம் அவ்வுரிமைக்கு வடிவம் தந்தது. ஆணையரைத் தலைவராகக் கொண்ட நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் தெரு வணிகர்களே இருத்தல் வேண்டும். அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் மகளிர். கணக்கெடுத்துச் சான்று வழங்கும்வரை எவரையும் வெளியேற்றலாகாது. இடம் மாற்ற நேரின் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். கைப்பற்றிய பொருள் அழுகக் கூடியதாயின், உடையவர் கோரிய அன்றே திருப்பித் தரவேண்டும். ஒரு கூடை ரோசாவின் ஆயுள் எத்துணை என்பதை அறிந்தோர் எழுதிய விதி போலும்!

கட்டுப்பாடே வேண்டா என்பது என் கருத்தன்று. 2023 அக்டோபர் 7 அன்று, நம் எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளியில் தீபாவளிக்கெனப் பட்டாசு குவித்திருந்த கிடங்கு தீப்பற்றியது. பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்; அவர்களுட் பலர் பருவகால வேலைக்கு வந்த தமிழக இளைஞர்கள். திருநாள் வணிகத்தில் எதை, எங்கே, எவ்வளவு வைக்கலாம் என்று கண்டிப்புடன் வரையறுப்பது உயிர் காக்கும் கடமையாகும். தீயை அடைத்து வைத்த கிடங்கும் பூக்கூடை வைத்த திண்ணையோரமும் ஒன்றல்ல என்னும் பகுத்தறிவே அவ்வரையறைக்கு அடிப்படையாதல் வேண்டும்.

இறுதியாக, நம் கடமை. மகாவீரர் பிறந்த நாளில் இறைச்சிக் கடைகளை அடைக்குமாறு தமிழகத்து உள்ளாட்சி அமைப்புகள் ஆண்டுதோறும் அறிவிக்கின்றன. நம் திருநாளுக்காக ஒருவர் தம் ஒருநாள் ஊதியத்தை விட்டுக்கொடுக்கின்றார். அவர் நம் கொள்கையை ஏற்றவரல்லர். நகரத்தின் ஒழுங்கை ஏற்றவர். அந்த இழப்பை அறியாதவர்போல் நாம் இருத்தல் அகிம்சைக்கு அழகாகுமா? பிற உயிர்க்குத் துன்பம் செய்யாமை, பிறர் பிழைப்பைக் கெடுக்காமையையும் உட்கொண்டதன்றோ!

ஆதலின் இரண்டு வேண்டுகோள்களை உங்கள்முன் வைக்கின்றேன். ஊர்வலத்துக்கு இசைவு கேட்டு மாநகராட்சிக்கு நாம் எழுதும் விண்ணப்பத்திலேயே, அவ்வழியில் கடை வைத்திருப்போருக்கு அந்நாளில் எங்கே மாற்றிடம் தரலாம் என்பதையும் சேர்த்து எழுதுவோம். விற்பனைக் குழுவில் குடியிருப்போர் நலச்சங்கங்களுக்கும் இடமுண்டு; நம் குடும்பத்தார் அங்குச் செல்லும்போது அகற்றுக என்று கேளாமல், ஒழுங்குபடுத்துக என்று கேட்கட்டும்.