தொண்டும் ஒரு கல்வியே
(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மாணவர்கள் தொண்டு செய்யப் புறப்பட்டால், "படிப்பு கெட்டுவிடுமே" என்று கவலையுறும் பெற்றோர் உண்டு. தொண்டும் ஒரு கல்வியே என்பதற்குத் திருவொற்றியூரும் அதனைச் சூழ்ந்த ஊர்களுமே சான்றாகும்.

திருவொற்றியூரில் செக்குத் தொழில் செய்து வந்தவர் கலிய நாயனார். தம் செல்வத்தைக் கொண்டு திருக்கோயிலில் விளக்கேற்றினார். செல்வம் அழிந்தது. அதன்பின் பிறர் செக்கில் கூலிக்கு உழைத்து, அந்தக் கூலியைக் கொண்டு விளக்கேற்றினார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. ஏற்ற பணி ஒருநாளும் தடைப்படலாகாது என்பதே அவர் கொண்ட உறுதி.

தனி ஒருவரின் செல்வம் குன்றினாலும் அறம் குன்றாதிருக்க முன்னோர் ஒரு வழி கண்டனர். அணையா விளக்கு ஒன்றுக்கு 90 ஆடுகள் என்று கோயிலுக்கு அளித்து, அவற்றைச் "சாவா மூவாப் பேராடு" எனக் கல்வெட்டில் பொறித்தனர். ஆடுகள் இறப்பினும் குட்டிகள் அவற்றின் இடத்தை நிரப்பும். மந்தையின் எண்ணிக்கை குறையாது. நாள்தோறும் நெய் வந்துகொண்டிருக்கும். முதல் அழியாமல் பயன் மட்டும் செலவாகும் இம்முறையே இன்றைய அறக்கட்டளைகளுக்கும் அடிப்படையாகும்.

இலாப நோக்கமற்ற நிறுவனம் என்றால் கையில் பணமே மிஞ்சாத நிறுவனம் என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. மிஞ்சுவதை உறுப்பினர்கள் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளாமல், எடுத்துக்கொண்ட பணிக்கே செலவிடுவதுதான் அதன் இலக்கணம். அறக்கட்டளையாகவோ, 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் சங்கமாகவோ அது அமையலாம். வடிவம் எதுவாயினும், பொதுப்பணத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும்.

இதனை மாணவர்கள் எங்ஙனம் கற்பர்? காந்தியடிகள் நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ 40,000 மாணவர்களுடன் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பெற்றது. இதில் சேரும் கல்லூரி மாணவர் ஈராண்டுகளில் 240 மணி நேரம் தொண்டாற்றுவதும், ஏழு நாள் சிறப்பு முகாமில் ஊர் மக்களோடு தங்குவதும் முறையாகும். கோனார்க் சூரியன் கோயிலின் தேர்ச்சக்கரமே இத்திட்டத்தின் சின்னம். அதன் எட்டு ஆரங்கள் ஒரு நாளின் 24 மணி நேரத்தைக் குறிக்கும். எந்நேரமும் தொண்டுக்கு ஆயத்தமாய் இருத்தல் என்பது பொருள்.

மணலியை அடுத்த சடையங்குப்பத்தை எண்ணிப் பாருங்கள். 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்த தாழ்வான ஊர் அது. கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் பெருகினால் ஊரை நீர் சூழும். 2015, 2023 ஆகிய ஆண்டுகளின் டிசம்பர் மாத வெள்ளங்களை அப்பகுதி மக்கள் மறந்திலர். 2023இல் எண்ணூர்ப் பகுதியில் வெள்ள நீரோடு எண்ணெய்க் கழிவும் கலந்து மீனவர்களின் வலைகளையும் படகுகளையும் பாழாக்கியது.

இத்தகைய ஊருக்கு உதவிப் பொருள் ஏற்றிய வண்டி வருகிறது எனக் கொள்வோம். அது பெருஞ்சாலையிலேயே நின்றுவிட்டால், ஓடி வரக்கூடியவருக்கு இருமுறை கிடைக்கும். நடக்க இயலாத முதியவருக்கும், கைக்குழந்தையோடு கடைசித் தெருவில் இருக்கும் தாய்க்கும் ஒன்றும் கிடைக்காது. கொடுத்தவர் மனம் நிறையும். பசித்தவர் வயிறு நிறையாது. ஆகவே, தொண்டு செய்யச் செல்லும் மாணவர் முதலில் வீடு வீடாகச் சென்று கேட்டறிதல் வேண்டும். எவ்வீட்டில் நோயாளர் உளர், எங்கே குடிநீர் இல்லை, யாருக்குப் பாய் வேண்டும், யாருக்குப் பாடநூல் வேண்டும் எனக் குறித்தல் வேண்டும். வந்த பொருளையும் வழங்கிய பொருளையும் எழுதி, மீதியை ஒப்படைத்தல் வேண்டும். அரிசி மூட்டையைச் சுமக்கும் தோளுக்கு ஈடாக, ஏட்டில் எழுதும் கையும் அங்கே தொண்டு செய்கிறது.

இரக்கம் மட்டும் போதாது, முறையும் வேண்டும். முறை மட்டும் போதாது. வாங்குபவரின் மானம் காக்கும் பணிவும் வேண்டும். இவ்விரண்டையும் வகுப்பறையில் சொல்லலாம். களத்தில்தான் கற்க இயலும்.

ஆதலின் அன்பர்களே, பிள்ளைகள் தொண்டுக்குச் செல்லக் கேட்டால் தடை சொல்லாதீர்கள். திரும்பி வந்தபின், "என்ன கொடுத்தாய்?" என்பதோடு, "யாருக்குக் கிடைக்கவில்லை?" என்றும் கேளுங்கள். அக்கேள்விக்கு விடை தேடும் பிள்ளை, நாளை ஓர் அறநிலையத்தின் பொறுப்பேற்றாலும் பிறர் பொருளைத் தன் பொருளாக எண்ணான். கடைசித் தெருவையும் மறவான்.

அறம் வளர்க! தொண்டு சிறக்க!