ஏழு முறை பெட்டி கட்டியவர்

(நம் அறக்கட்டளையின் கோடைக்காலக் கூடைப்பந்துப் பயிற்சி முகாம் நிறைவு நாளில், முகாமை நடத்திய ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஆற்றிய உரை)

 

போன வாரம் ஒரு தாயார் என்னிடம் வந்தார்கள். "சார், இவன் நல்லா ஆடுறான்னு எல்லாரும் சொல்றாங்க. இதை வெச்சு வெளிநாடு போக முடியுமா?" என்று கேட்டார்கள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. போக முடியும் என்று சொல்வது சுலபம். போன பிறகு என்னவாகும் என்பதையும் சேர்த்தல்லவா சொல்ல வேண்டும்? அந்தப் பதிலைத்தான் இன்று கொண்டு வந்திருக்கிறேன். துருக்கிக்காரர் ஒருவருடைய கதை அது.

அவர் பெயர் ஹிதாயத் துர்கோலு. 1979இல் இஸ்தான்புல்லில் பிறந்தவர். ஹிதாயத் என்றால் நேர்வழி. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவில் யாரும் அந்தப் பெயரை முழுதாகச் சொல்லவில்லை, "ஹீடோ" என்று சுருக்கிவிட்டார்கள். துர்கோலு என்றால் 'துருக்கியரின் மகன்'. ஆனால் குடும்பமோ பால்கன் பகுதியிலிருந்து துருக்கிக்குக் குடிபெயர்ந்த போஸ்னிய முஸ்லிம் குடும்பம். செர்பியாவுக்கும் மாண்டினீக்ரோவுக்கும் நடுவே சஞ்சாக் என்று ஒரு பகுதி இருக்கிறது. அதுதான் அவர்களுடைய பூர்வீகம். இந்த ஊர்ப் பெயரை ஞாபகத்தில் வையுங்கள்.

ஆள் 208 சென்டிமீட்டர் உயரம். நம் பள்ளிவாசல் வாசற்படியில் குனிந்துதான் வர வேண்டியிருக்கும். பதினேழு வயதில் இஸ்தான்புல்லின் எஃபெஸ் பில்சன் அணியின் பெரியவர்கள் ஆட்டத்தில் ஆடத் தொடங்கினார். அமெரிக்காவின் என்.பி.ஏ. லீகில் ஆண்டுதோறும் புதிய ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுப்பார்கள். 'டிராஃப்ட்' என்பார்கள். 2000ஆம் ஆண்டு டிராஃப்டில் 16ஆவது இடத்தில் சாக்ரமெண்டோ கிங்ஸ் அணி அவரை எடுத்தது. அவருக்கு முன்பு அந்த லீகில் ஆடிய துருக்கி வீரர் மிர்சாத் துர்க்ஜான் ஒருவர்தான். அவர் ஆடியது மொத்தம் 17 ஆட்டங்கள். ஆக, வழி கேட்பதற்கென்று முன்னால் போன ஆள் ஏறக்குறைய இல்லை.

போனவுடன் புகழ் வந்துவிட்டதா என்றால், இல்லை. முதல் ஆண்டு சராசரி ஆட்டத்துக்கு 5 புள்ளி சொச்சம். ஊரில் நட்சத்திரம், அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மாற்று ஆட்டக்காரர். இந்த முகாமில் ஐந்து பேரில் ஒருவனாக எடுக்கவில்லை என்று மூன்று நாள் வராமல் இருந்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள், பெயர் சொல்ல மாட்டேன்.

எனக்கு அந்த சாக்ரமெண்டோ அணியில் பிடித்த விஷயம் வேறு. 1992 முதல் 1995 வரை போஸ்னியாவில் நடந்ததை இங்கிருக்கும் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அது ஓய்ந்து ஐந்தே ஆண்டுதான். இந்தப் போஸ்னிய வம்சாவளிப் பையன் போய்ச் சேர்ந்த அணியின் மைய ஆட்டக்காரர் யார்? விளாதே திவாச், செர்பியர். அணியில் அதிகப் புள்ளி எடுப்பவர்களில் ஒருவரான பேஜா ஸ்டோயாகோவிச்சும் செர்பியர்தான். அவர் பிறந்தது குரோவேஷியாவில். போர் வந்தபோது பதினான்கு வயதில் குடும்பத்தோடு அகதியாக ஓடியவர். திவாச் பிறந்த ஊர் பிரியெபோலியே. அது எங்கே இருக்கிறது தெரியுமா? அதே சஞ்சாக்கில்! ஒரே மண்ணைப் பூர்வீகமாகக் கொண்ட இரண்டு குடும்பத்துப் பிள்ளைகள், பால்கனில் சந்திக்காமல் கலிஃபோர்னியாவில் ஒரே உடைமாற்றும் அறையில் வந்து சேர்கிறார்கள். மூன்று ஆண்டு ஒருவருக்கொருவர் பந்து கொடுத்து வாங்கினார்கள். 2002இல் மேற்குப் பிரிவு இறுதியில் லேக்கர்ஸ் அணியோடு ஏழாவது ஆட்டம் வரை போய், அதுவும் கூடுதல் நேரத்தில்தான் தோற்றார்கள்.

பிறகு 'டிரேடு' வந்தது. அணிகள் ஆட்டக்காரர்களைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்வது. பெரும்பாலான ஆட்டக்காரர்களிடம் சம்மதம் கேட்க வேண்டியதில்லை. ஒப்பந்தம் உங்கள் பெயரில் இருக்கும், ஆனால் எந்த ஊரில் வேலை என்பதை முதலாளி முடிவு செய்வார். வளைகுடாவுக்குப் போய் வந்தவர்கள் சிரிக்கிறீர்கள், உங்களுக்கு இது புதிதில்லை. கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கினாலும் இந்த ஒரு விஷயத்தில் அவரும் ஒப்பந்தத் தொழிலாளிதான். 2003இல் சான் அன்டோனியோ. ஒரே ஆண்டு. 2004இல் ஒப்பந்தக் காலம் முடிந்து ஒர்லாண்டோ மேஜிக்.

ஒர்லாண்டோவில்தான் அவர் யாரென்று தெரிந்தது. பயிற்சியாளர் ஸ்டான் வான் கண்டி பந்தை அவர் கையிலேயே கொடுத்து ஆட்டத்தை நடத்தச் சொன்னார். அந்த உயரத்துக்காரரைக் கூடைக்குக் கீழேதான் நிறுத்துவார்கள். இவர் குட்டையான ஆட்டக்காரரைப் போலப் பந்தைத் தட்டிக்கொண்டு வந்து, எல்லார் தலைக்கும் மேலே பார்த்துக் கொடுப்பார். 2007-08 பருவத்தில் சராசரி 19.5 புள்ளிகள். அந்த ஆண்டு மிகவும் முன்னேறிய ஆட்டக்காரர் விருது. பிள்ளைகளே, அது அமெரிக்காவில் அவருடைய எட்டாவது பருவம்! 2009இல் பாஸ்டன் அணியை அவர்கள் ஊரிலேயே ஏழாவது ஆட்டத்தில் வென்றபோது 25 புள்ளியும் 12 அசிஸ்டும் அவருடையவை. அடுத்து லெப்ரான் ஜேம்ஸின் கிளீவ்லாந்தையும் வென்று இறுதிக்குப் போனார்கள். லேக்கர்ஸிடம் 4-1 என்று தோற்றார்கள். அந்த ஆட்டங்களை நான் சுபுஹு தொழுதுவிட்டு வந்து பார்த்தேன். நமக்கு அது காலை நேரம்.

இதுவரை சொன்னதைப் பாராட்டு விழாவில் யாரும் சொல்லலாம். அந்தத் தாயாருக்கு நான் சொல்ல நினைத்தது இனிமேல்தான்.

அந்த 2009 ஜூலையில் ஒப்பந்தம் முடிந்து எந்த அணிக்கும் போகலாம் என்ற நிலையில் இருந்தார். லீகின் அப்போதைய விதிப்படி ஜூலை முதல் சில நாட்கள் பேச்சு நடத்தலாம், கையெழுத்துப் போட முடியாது. அதுவரை வாய்ச்சொல்தான். போர்ட்லாண்டுக்குப் போய்ப் பேசினார். ஐந்து ஆண்டு, ஏறத்தாழ 5 கோடி டாலர் என்று முடிவாகிவிட்டதாகச் செய்தி வந்தது. அடுத்து வந்த செய்தி, அவர் டொராண்டோவுக்குப் போகிறார் என்பது. ஐந்து ஆண்டுக்கு 5 கோடியே 30 லட்சம். அவர் மனைவிக்கு டொராண்டோ பிடித்திருந்தது என்று சொன்னார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். மனைவியைக் கலக்காமல் ஊர் மாறியவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும். ஆனால் கலந்து பேச வேண்டியது வாக்குக் கொடுப்பதற்கு முன்னால். சட்டப்படி தப்பில்லை, கையெழுத்து இல்லையே. போர்ட்லாண்டு ரசிகர்கள் அப்படிப் பார்க்கவில்லை. அதன்பின் அவர் அங்கே ஆட வந்தபோதெல்லாம் கூச்சலிட்டார்கள். டொராண்டோவிலும் சரியாக அமையவில்லை. சராசரி 11 புள்ளியாக இறங்கியது. ஒரே பருவத்தில் ஃபீனிக்ஸுக்கு மாற்றினார்கள், அங்கிருந்து சில மாதங்களில் மறுபடி ஒர்லாண்டோ.

நடுவில் 2010இல் ஒரு நல்ல காலம். உலகக் கோப்பை துருக்கியில் நடந்தது. ரமளானில் தொடங்கி, நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு முடிந்தது. பெருநாள் மூன்றாம் நாள் அரையிறுதி. எதிரி செர்பியா. அரை நொடி மிச்சமிருக்கையில் கெரெம் துன்ஜெரி உள்ளே புகுந்து போட்டார், 83-82. மறுநாள் இறுதியில் அமெரிக்காவிடம் 64-81 தோல்வி, ஆனாலும் வெள்ளி. தலைவர் ஹிதாயத். அந்த வரிசையில் நிற்க வேண்டிய இன்னொருவர் இல்லை. மெஹ்மத் ஒகுர், டெட்ராய்ட் அணியோடு 2004இல் என்.பி.ஏ. பட்டம் வென்ற முதல் துருக்கியர். ஏப்ரலில் அமெரிக்காவில் ஆடும்போது குதிகால் தசைநார் அறுந்துவிட்டது. தன் நாட்டில் நடந்த போட்டியில் அவரால் ஆட முடியவில்லை.

கடைசியாக ஒன்று. உடற்பயிற்சிக் கூடத்தில் மாவு டப்பா வாங்கும் பெரிய பையன்கள் இதைக் கேட்க வேண்டும். 2013 பிப்ரவரியில் ஹிதாயத்துக்கு 20 ஆட்டங்கள் தடை, சம்பளம் கிடையாது. மெத்தெனலோன் என்ற ஸ்டீராய்டு உடம்பில் இருந்தது. துருக்கியில் கோடை விடுமுறையில் தோள் காயம் சீக்கிரம் ஆற வேண்டுமென்று தன் பயிற்சியாளர் கொடுத்த மருந்து, தடை செய்யப்பட்டது என்று தெரியாது, தான் விசாரிக்காமல் சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். நான் அதை நம்புகிறேன். லீகுக்கு அந்த விளக்கம் போதவில்லை. யார் கொடுத்தாலும் வாயில் போட்டவர்தான் பொறுப்பு என்பது விதி. இத்தனைக்கும் அணி மருத்துவரை ஒரு போனில் கேட்டிருக்கலாம். அவர் மாட்டியது அந்நிய ஊரில் யாரோ கொடுத்ததால் அன்று, சொந்த ஊரில், தெரிந்த ஆள் கொடுத்ததால்.

அந்தத் தடைக்குப் பிறகு ஒர்லாண்டோவுக்கு அவர் மறுபடி ஆடவே இல்லை. 2014 ஜனவரியில் விடுவித்தார்கள். லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸ் அணி எடுத்துக்கொண்டது, ஏழாவது தடவையாகப் பெட்டி கட்டினார். அங்கேயும் மறுபடி பெஞ்சுதான். 2015இல் முடித்தபோது 997 ஆட்டங்கள், ஆயிரத்துக்கு மூன்று குறைவு. 2016இல் துருக்கி கூடைப்பந்துக் கூட்டமைப்பின் தலைவரானார்.

அம்மா, நீங்கள் வந்திருக்கிறீர்களா? பின்வரிசையில் இருக்கிறார்கள். பையன் பிளஸ் டூ முடிக்கட்டும். இடது கையால் பந்து தட்ட இன்னும் வரவில்லை, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். மஃரிபுக்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது, கேள்வி இருப்பவர்கள் கேளுங்கள். வஸ்ஸலாம்.