ஒன்பது வோல்ற்றில் ஒரு வானொலி



1990களின் முற்பகுதியில், பொருளாதாரத் தடைக் காலத்தில், யாழ்ப்பாணத்துக்கு ரோர்ச் பற்றறியும் வராது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்றுவார். டைனமோவில் றேடியோ பாடும். நாங்கள் செய்தி கேட்போம். கேட்பதோடு சரி. அனுப்பும் கருவி ஒன்றை வீட்டில் வைத்திருப்பதை அந்நாளில் நினைத்துப் பார்க்கவும் பயம். அந்தப் பயம்தானோ என்னவோ, இங்கே பிரித்தானியாவில் பரீட்சை எழுதி அமெச்சூர் வானொலி உரிமம் எடுத்த பிறகும் கருவி செய்ய எனக்குக் கை எழவில்லை.

கடைசியில் செய்தது ‘பிக்ஸி’ என்னும் மோர்ஸ் கருவி. அனுப்பவும் செய்யும், வாங்கவும் செய்யும். உள்ளங்கைக்குள் அடங்கும் பலகையில் இரண்டு ரான்சிஸ்ரர்கள், ஒலியைப் பெருக்க எல்எம்386 என்ற சில்லு, 7.023 மெகாஹேர்ட்ஸ் பளிங்கு ஒன்று. முதல் ரான்சிஸ்ரர் ஓயாமல் அலையை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். சாவியை அழுத்தினால் இரண்டாவது அதைப் பெருக்கி அன்ரெனாவுக்கு அனுப்பும். சாவியை விட்டால், அதே ரான்சிஸ்ரர் வெளியிலிருந்து வரும் அலையை உள்ளலையோடு கலந்து, காதுக்குக் கேட்கும் கீச்சொலியாக்கித் தரும். ஒரே ஆள், இரண்டு வேலை, ஒரு சம்பளம்! கணக்காளனுக்குப் பிடிக்காமல் இருக்குமா?

இரண்டு அலைகளும் அச்சொட்டாக ஒன்றாக இருந்தால் ஒன்றும் கேளாது. 600, 700 ஹேர்ட்ஸ் அளவில் விலகி இருக்கவேண்டும். பலகையில் உள்ள சிறு திருகு அதற்குத்தான். என் கருவி ஊமையாக இருந்ததற்குக் காரணம் வேறு. மின்தேக்கி ஒன்றைத் தலைகீழாகச் சோல்டர் பண்ணியிருந்தேன். இரண்டு இரவு போயிற்று. இன்னொன்று: அன்ரெனாவோ 50 ஓம் தடையோ பூட்டாமல் சாவியை அழுத்தவேண்டாம், இரண்டாவது ரான்சிஸ்ரர் கருகக்கூடும். அன்ரெனா என்பது பக்கத்துக்கு 10 மீற்றராக, 20 மீற்றர் வயர். வளவில் வேலியோரம் கட்டினேன்.

9 வோல்ற் பற்றறியில் இது வெளிவிடுவது அரை வாற்றுக்கும் குறைவு. சாதாரண சைக்கிள் டைனமோவே 3 வாற் தரும்.

ஒரு ஞாயிறு காலை ‘சிக்கியூ’ என்று பொது அழைப்பு விடுத்தேன்: கோடு புள்ளி கோடு புள்ளி, கோடு கோடு புள்ளி கோடு. நாலாம் முறை ஒல்லாந்திலிருந்து ஒருவர் பதில் தந்தார். 339 என்றார்: விளங்கிக்கொள்ள மிகச் சிரமம், ஒலி மெலிவு, தொனி மட்டும் சுத்தம். கை நடுங்கியதில் என் அழைப்புக் குறியையே பிழையாகத் தட்டிவிட்டேன். அவர் பொறுமையாக, இன்னொருமுறை அனுப்பும்படி கேட்டார்.