மச்சமா, புரத மாவா?



நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் கொடியேறிவிட்டால், யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகள் பலவற்றில் 25 நாளும் மச்சம் சமைப்பதில்லை. அத்தகைய வீட்டு இளைஞர் ஒருவர் அண்மையில் என்னிடம் வந்தார். அவர் மாலைதோறும் பளு தூக்கிப் பயில்பவர். "ஐயா, மீனை விட்டால் உடம்பு வற்றிவிடும் என்கிறார்கள். புரத மா ஒரு டப்பா வாங்கலாமா? அதற்கு அம்மாவின் சீட்டுக்காசைத்தான் கேட்க வேண்டும்" என்றார். அவருக்குக் கூறியதையே இன்று உங்களுக்கும் கூற விழைகின்றேன்.

பளுவைத் தூக்கும்பொழுது தசைகள் கடுமையாக உழைக்கின்றன. ஓய்வின்போது, உண்ட புரதத்தைக் கொண்டு உடல் அவற்றைச் செப்பனிட்டு வளர்க்கின்றது. ஆதலின் பயிற்சியே மேசன். புரதம் கல்லும் சீமெந்தும். மேசன் வராத வளவில் சீமெந்தைக் குவிப்பதனால் மதில் எழும்புவதில்லை.

எவ்வளவு புரதம் வேண்டும்? சாதாரண மனிதருக்கு உடல்நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.8 கிராம் போதும். பளு பயில்வோருக்கு 1.6 கிராம் அளவு தகும். 60 கிலோ நிறையுள்ள நம் இளைஞருக்கு ஏறத்தாழ 96 கிராம். இதனை வீட்டு அடுக்களையிலே தேடுவோம். துப்புரவாக்கிய மீன் 150 கிராமில் 30 கிராம் புரதம். சூடை மீனாயினும் குறைவில்லை. முட்டை இரண்டில் 12. பருப்பும் பயறுமாக 100 கிராமில் 24. பால் 400 மில்லிலீற்றரில் 13. அரிசி 250 கிராமில் 17. கூட்டிப் பாருங்கள், கணக்கு நிறைந்துவிடுகின்றது.

விரத நாளில் மீனும் முட்டையும் நீங்க, 42 கிராம் குறையும். சோயா மீற் 50 கிராமில் 25 கிராம் புரதம் உண்டு. நிலக்கடலை 60 கிராமில் 15 உண்டு. ஒரு கோப்பை தயிரும் சேர்ந்தால் குறை தீர்ந்தது. பருப்பு வகையில் குறைவான புரதக்கூறுகள் சோற்றில் உள்ளன. சோற்றிற் குறைந்தவை பருப்பில் உள்ளன. நம் முன்னோர் இரண்டையும் ஒரே கோப்பையிற் சேர்த்தது நல்ல வழக்கமே.

இனி, புரத மா என்பது யாது? பாலைத் திரையவைத்துப் பாற்கட்டி செய்யும்பொழுது பிரியும் தெளிநீரை உலர்த்தியதே அவற்றுட் பெரும்பாலானது. ஒரு கரண்டியில் 20 முதல் 25 கிராம் புரதம் இருக்கும். அது விரைவிற் செரிக்கும். அதனைத் தீதென்று நான் கூறேன். சமைக்க நேரமில்லாதவருக்கும், உண்ண இயலாதவருக்கும் அது துணை. ஆயின் மீனிலும் இறைச்சியிலும் புரதத்தோடு இரும்பும், நாகமும், பி12 உயிர்ச்சத்தும் சேர்ந்து வருகின்றன. மச்சம் உண்ணாதார் பாலையும் தயிரையும் கைவிடலாகாது. பி12 தாவர உணவிற் கிடைப்பதில்லை. சிறுநீரக நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் புரதத்தைக் கூட்டுதல் கூடாது.

யாழ்ப்பாணத்தில் பிறந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958ஆம் ஆண்டு தோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் உயரம் பாய்தலில் தங்கம் வென்றார். ஆசியப் போட்டியில் இலங்கைக்குக் கிடைத்த முதற் தங்கம் அதுவே. இன்று நகரக் கடைகளில் அடுக்கியிருக்கும் டப்பாக்கள் இங்கு இல்லாத காலம் அது.

இளைஞரிடம் நான் முடிவாகக் கூறியது இதுதான்: "தம்பி, அம்மாவின் சீட்டுக்காசு இருக்கட்டும். விரதத்தையும் குலைக்க வேண்டாம். பயிற்சியையும் நிறுத்த வேண்டாம். இன்றிரவே பயற்றை ஊறப்போடச் சொல்லும்." அவர் சிரித்துக்கொண்டே எழுந்தார். அந்தச் சிரிப்பில் ஓர் ஆறுதல் தெரிந்தது.