கணுக்காலைக் காப்போம்
(சங்க ஆண்டு விழா விளையாட்டுப் பரிசளிப்பின்போது நிகழ்த்திய உரை)

வென்றவர்களைப் பாராட்டிச் சில சொற்கள் கூறுமாறு சங்கத்தார் என்னைப் பணித்தார்கள். பாராட்டு உங்கள் கரவொலியிலேயே நிறைவேறிவிட்டது. ஆதலால், இம்மேடைக்கு வர இயலாமற்போன ஓர் ஆட்டக்காரரைப் பற்றிப் பேச விழைகிறேன். அவர் எல்லாக் குடியிருப்புகளிலும் இருக்கிறார். பதினாறு வயதில் கைப்பந்தாட்டத்தில் பெயர் பெற்றவர். இருபது வயதில் மைதானத்தின் ஓரத்தில் நின்று பார்ப்பவர். காரணம் கேட்டால், "கால் அடிக்கடி பிசகிக்கொள்கிறது" என்பார். முதல் சுளுக்கை எளிதாக எண்ணியதன் விளைவே இது.

கணுக்காலின் அமைப்பைச் சற்று நோக்குவோம். உட்புறத்து நார் அகன்றது, வலியது. வெளிப்புறத்திலோ மெலிந்த மூன்று நார்கள்தாம் எலும்புகளைப் பிணைக்கின்றன. எனவே பாதம் உட்புறமாக மடங்கும்போது வெளிப்புற நார்கள் அளவுக்கு மீறி இழுபட்டு, சில வேளைகளில் அறுந்தும் போகின்றன. கைப்பந்தாட்டத்தில் வலையருகே எழும்பி இறங்குகையில், எதிரணியினரின் பாதத்தின் மீதோ தம் அணியினரின் பாதத்தின் மீதோ மிதிப்பதால் இவ்விபத்து பெரும்பாலும் நேர்கிறது. பூப்பந்திலும் சடுகுடுவிலும் விரைந்து திரும்புகையில் நேர்கிறது.

நார்கள் வெறும் கயிறுகளல்ல. பாதம் எந்நிலையில் இருக்கிறது என்பதை மூளைக்கு அறிவிக்கும் நரம்பு முனைகள் அவற்றில் உள்ளன. நார் கிழியும்போது அந்த அறிவிப்பும் பழுதுபடுகிறது என்று 1965-ஆம் ஆண்டில் ஆங்கில மருத்துவர் பிரீமன் எடுத்துரைத்தார். வீக்கம் வடிந்து வலி நீங்கிய பின்னரும் கால் தன் நிலையை உணரத் தடுமாறுகிறது. அதனால் மீண்டும் மடங்குகிறது. முன்பு சுளுக்கிய காலே மறுபடியும் சுளுக்கும் என்பது உலகெங்கும் விளையாட்டு மருத்துவர்கள் கண்ட உண்மை.

இழந்த அவ்வுணர்வை மீட்க முடியும். 2001-2002 ஆட்டப் பருவத்தில் நெதர்லாந்து நாட்டுக் கைப்பந்து அணிகளிடையே ஓர் ஆய்வு நடந்தது. ஆடும் பலகையின் மீது நின்று சமநிலைப் பயிற்சி செய்தவர்களுள், முன்பே சுளுக்குக் கண்டவர்களுக்கு அது மீண்டும் வருவது குறைந்தது. நம் இல்லங்களில் பலகையும் வேண்டுவதில்லை. சுவரின் அருகே ஒற்றைக் காலில் 30 விநாடி நில்லுங்கள். அது எளிதானபின் கண்களை மூடி நில்லுங்கள். பின்னர், கண்களைத் திறந்து, ஒற்றைக் காலில் நின்றபடியே ஒருவர் எறியும் பந்தைப் பிடியுங்கள். இரு கால்களுக்கும் செய்க. குதிகாலை உயர்த்தித் தாழ்த்தும் பயிற்சியையும் சேர்த்துக்கொள்க. பல் துலக்கும் வேளையிலும் செய்யத்தக்க பயிற்சி இது. ஆனால் வாரக்கணக்கில் இடைவிடாது செய்ய வேண்டும்.

ஏற்கெனவே சுளுக்குக் கண்டவர்கள், ஆடும்போது கணுக்காலுக்கு உரிய இறுக்கமான காப்புக்கட்டு அணிவது பெரிதும் பயன் தரும். எல்லாரும் ஆட்டத்துக்கு முன் உடலைச் சூடேற்றிக்கொள்ள வேண்டும். இந்த வடநாட்டு மார்கழி, தைக் காலையில் போர்வையை விட்டு எழுந்து நேரே மைதானத்தில் பாய்வது நன்றன்று. மைதானத்தின் பள்ளங்களை நிரப்புவதும், தேய்ந்த காலணியை மாற்றுவதும் நம் கடமைகளே.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை காலை நொண்டிக்கொண்டு வந்தால், உடனே எண்ணெய் தடவிச் சுளுக்கு உருவ வேண்டா. காலால் பிறந்தவரைத் தேடி மிதிக்கச் சொல்லவும் வேண்டா. முதல் இரண்டு மூன்று நாள்களில் அழுத்தி உருவினால் உள்ளே கசிவும் வீக்கமும் மிகக்கூடும். காலை உயர்த்தி வைத்துத் துணிக்கட்டுப் போடுங்கள். வலி தணியத் துணியில் சுற்றிய பனிக்கட்டியைச் சிறிது நேரம் வைக்கலாம். நான்கு அடி நடக்க இயலாவிட்டாலோ, கணுக்கால் எலும்பைத் தொட்டால் வலித்தாலோ, மருத்துவரிடம் காட்டி எக்ஸ்ரே எடுப்பது இன்றியமையாதது. எலும்பு முறிவு இல்லையெனத் தெரிந்தபின் வாரக்கணக்கில் படுக்க வைக்காமல், வலி பொறுக்கும் அளவில் மெல்ல நடக்க விடுங்கள்.

அணித்தலைவர்களுக்கும் ஒரு சொல். இறுதியாட்டம் நெருங்குகிறது என்பதற்காக, நொண்டும் தோழனைக் களத்தில் இறக்காதீர்கள். அவன் ஒற்றைக் காலில் துள்ளவும், எட்டு வடிவில் வளைந்து ஓடவும் வலியின்றி இயலுமாயின், மற்றக் காலைப் போலவே அக்காலும் இயங்குமாயின், அப்போது ஆடட்டும். நார் முழு வலிமை பெறச் சில வாரங்கள் ஆகும். சிலருக்கு மாதங்களும் ஆகும். கோப்பை அடுத்த ஆண்டும் வரும்.

ஊரை விட்டு நெடுந்தொலைவில் வாழும் நம் பிள்ளைகள் தமிழ் பேசிக் கூடி மகிழும் இடங்களுள் இந்த மைதானமும் ஒன்று. ஒரு சுளுக்கின் பொருட்டு எவரும் அதனை இழத்தலாகாது. அடுத்த ஆண்டு விழாவில், ஓரத்தில் நிற்பவர்களும் களத்தில் ஆடக் காண்போமாக!