பேறுகாலத்தில் பக்கத்தில் யார்?

இன்று மே 5, உலக மருத்துவச்சிகள் நாள். இந்த நாளில் நம் வாசகர் வட்டத்தில் பேசுவதற்கு, பிரசவ அறையிலேயே வேலைக்காலத்தைக் கழித்து ஓய்வு பெற்ற ஒரு செவிலியைக் கூப்பிட்டிருக்கிறீர்கள்.

முதலில் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் குறையைச் சொல்வது நியாயமில்லை. 1980 வாக்கில் நம் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் குழந்தைகள் பிறந்தால், அதில் சுமார் 450 தாய்மார்கள் செத்துப்போனார்கள். 2018-20 கணக்கில் அது 54. அப்போது இந்திய சராசரி 97. இது தானாக நடக்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்கள் முறைவைத்து இரவும் பகலும் விளக்கணைக்காமல் பார்த்ததால் நடந்தது. முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 1987-இல் தொடங்கிய மகப்பேறு உதவி இன்று 18,000 ரூபாய். இறந்துபோன ஒவ்வொரு தாயின் வீட்டுக்கும் போய், எத்தனை மணிக்கு வலி எடுத்தது, வண்டி எப்போது வந்தது, எங்கே தாமதமானது என்று கேட்டு எழுதி, அதை மாவட்ட ஆட்சியர் வரைக்கும் கொண்டுபோய் விசாரிக்கிற வழக்கத்தையும் இந்த மாநிலம் முன்கூட்டியே ஏற்படுத்திக்கொண்டது. தேசியக் குடும்ப நல ஆய்வு 2019-21-இல் சொல்கிறது: இங்கே நூற்றுக்கு 99.6 பிரசவம் ஆஸ்பத்திரியில்.

இவ்வளவும் செய்த மாநிலத்தில் நின்றுகொண்டுதான் கேட்கிறேன். வலி எடுத்துக் கிடக்கிற அந்தப் பெண்ணின் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

நாள் தள்ளிப்போனதும் கிராம சுகாதாரச் செவிலியர் பெயர் எழுதி பிக்மி என்ற கர்ப்பப் பதிவு எண் வாங்கித் தருகிறார். ஸ்கேன் பார்ப்பவர் வேறு. மாதாந்திரப் பரிசோதனை செய்பவர் வேறு. பனிக்குடம் உடைந்து 108-இல் ஏறிப் போனால் அங்கே இருப்பவர்கள் அவள் அதுவரை பார்த்தே இராதவர்கள். காலை ஷிப்ட் செவிலி சேர்த்துக்கொள்கிறார், மதிய ஷிப்ட் செவிலி பரிசோதிக்கிறார், ராத்திரி ஷிப்டில் பிள்ளை பிறக்கிறது. ஒன்பது மாதமும் அவளைத் தெரிந்த ஒரு முகம்கூட அந்த அறையில் இல்லை. யார் மேலும் குற்றம் சொல்லவில்லை. ஆறு பிரசவ மேசைக்கு ஒரு செவிலி நின்ற ராத்திரிகளை நானும் பார்த்தவள். ஆனால் நம் ஏற்பாடு பிரசவத்தைத்தான் பார்க்கிறது, பிரசவிக்கிறவளைப் பார்ப்பதற்கு அதில் ஆள் போடவில்லை.

முன்பு அந்த ஆள் இருந்தாள். ஊருக்கு ஒரு மருத்துவச்சி. பெரும்பாலும் முடிதிருத்தும் சமூகத்துப் பெண். எந்த நேரம் கூப்பிட்டாலும் வந்தாள், உங்கள் பாட்டியையும் என் பாட்டியையும் கையில் ஏந்தினாள். அதே கையால் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடிக்காத வீடுகள் உண்டு. கூலி ஒரு மரக்கால் நெல், ஒரு பழைய சேலை. தீட்டு என்று கொல்லைப்புற வழியாக வந்து கொல்லைப்புற வழியாகவே போனாள். அவளுக்குத் தெரியாததும் நிறைய இருந்தது. சுத்தமில்லாத கத்தியால் கொடி அறுத்து ஜன்னி கண்டு செத்த சிசுக்களை யாரும் மறக்க வேண்டாம். ஆனால் அவளுக்குக் கத்தியைக் கொதிக்க வைக்கக் கற்றுக்கொடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கலாம். கொஞ்ச காலம் ‘தாயி’ (நாட்டு மருத்துவச்சி) பயிற்சி என்று ஒரு பெட்டியும் கொடுத்துப் பார்த்தார்கள், பிறகு போகச் சொல்லிவிட்டார்கள். அவள் தெரிந்து வைத்திருந்ததை யாரும் உட்கார்ந்து எழுதிக்கொள்ளவில்லை. எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் அது.

பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில் சூலகித்தி நரசம்மா இருந்தார். தும்கூர் மாவட்டம், பாவகடா வட்டாரம். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஒரு பைசா வாங்காமல் 15,000-க்கும் மேற்பட்ட பிரசவங்கள் பார்த்தவர் என்று சொல்லி 2018-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அந்த வருஷம் டிசம்பரில் அவர் காலமானார். அதே டிசம்பரில்தான் இந்திய அரசு மருத்துவச்சி சேவைக்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. ஏற்கெனவே செவிலியம் படித்தவருக்கு மேற்கொண்டு 18 மாதம் பயிற்சி. சிக்கலில்லாத பிரசவத்தைத் தன் பொறுப்பில் நடத்த அதிகாரம். சிக்கல் வந்தால் உடனே மருத்துவரிடம் ஒப்படைக்க வேண்டும். தெலங்கானாவில் இதற்கு முன்பே தொடங்கிவிட்டார்கள். ஐதராபாத்தில் டாக்டர் எவிட்டா பெர்னாண்டஸ் தம் மருத்துவமனையில் 2011-இல் ஆரம்பித்த பயிற்சியை 2017-இல் அரசும் கைகோத்து எடுத்துக்கொண்டது. கரீம்நகர் அரசு மருத்துவமனைக்கு அப்படிப் பயின்ற செவிலியர்கள் போனார்கள்.

அப்படி ஒருத்தி பக்கத்தில் இருந்தால் என்ன செய்வாள்? இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லவிடுங்கள், என் தொழில் இது.

முதலில், படுக்க வைக்க மாட்டாள். நடக்கச் சொல்வாள், சுவரைப் பிடித்துக்கொண்டு இடுப்பை அசைக்கச் சொல்வாள், மண்டி போடச் சொல்வாள். மல்லாந்து கிடந்தால் குழந்தை இறங்கச் சிரமம், தாய்க்கு வலி அதிகம். கஞ்சியோ மோரோ குடிக்கக் கொடுப்பாள். வயிற்றில் கைவைத்துப் பத்து நிமிஷத்தில் எத்தனை வலி வருகிறது, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எண்ணுவாள். வலி விட்டதும் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்பாள். துடிப்பு இறங்கினால், பனிக்குட நீர் பச்சையாக வந்தால், ரத்த அழுத்தம் ஏறினால் ஒரு நிமிஷம் தாமதிக்க மாட்டாள். இவை எதுவும் இல்லையென்றால் காத்திருப்பாள். இந்தக் காத்திருப்புதான் எங்கள் வேலையில் கற்றுக்கொள்ள ரொம்ப நாள் ஆகிறது. கர்ப்பப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறந்தே ஆக வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். திறக்காவிட்டால் வலியைக் கூட்ட ஊசி, டிரிப். அந்தக் கணக்கு பல பெண்களுக்குப் பொருந்தாது, அதை மட்டும் வைத்து அவசரப்படுத்தாதீர்கள் என்று 2018-இல் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது.

பிள்ளை வெளியே வரும்போது வயிற்றை அமுக்க மாட்டாள். எல்லாருக்கும் வெட்டித் தையல் போட மாட்டாள். பிறந்ததும் துடைத்துத் தாயின் மார்பிலேயே போடுவாள், கொடியை ஒன்றிரண்டு நிமிஷம் விட்டு அறுப்பாள். அந்த நேரத்திலேயே அவள் கை தாயின் அடிவயிற்றில் இருக்கும். கர்ப்பப்பை கிரிக்கெட் பந்து மாதிரி கெட்டியாக வேண்டும். தளர்ந்திருந்தால் ரத்தம் கொட்டுகிறது என்று அர்த்தம். நம் நாட்டில் தாய்மாரைக் கொல்வதில் முதலிடம் அந்த ரத்தப்போக்குக்குத்தான். அதைக் கண்ணுக்குத் தெரியும் முன்பே கை கண்டுபிடிக்கும்.

இத்தனைக்கும் நடுவில் தாயிடம் பேசிக்கொண்டே இருப்பாள். இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த 26 ஆய்வுகளை 2017-இல் காக்ரேன் அமைப்பு சேர்த்துப் பார்த்தது. வலி நேரம் முழுக்க ஒருவர் விலகாமல் கூட இருந்த பெண்களுக்குச் சுகப்பிரசவம் அதிகம், சிசேரியன் குறைவு, வலி நேரம் குறைவு, பிறந்ததும் துவண்டு கிடக்கும் குழந்தைகளும் குறைவு. கூட ஒரு ஆள் இருப்பதே வைத்தியம்.

இங்கே நிலைமை என்ன? அதே குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 44.9 சிசேரியன். அதற்கு நான்கைந்து வருஷம் முன்பு நடந்த ஆய்வில் 34.1. 2019-21-இல் அரசு மருத்துவமனைகளில் 36, தனியாரில் 63.8. சிசேரியன் உயிர் காக்கும். நஞ்சுக்கொடி கீழே அமைந்து கர்ப்பப்பை வாயை அடைத்திருந்தால் அதைத் தவிர வழியில்லை. ஆனால் நம் வீட்டுப் பெண்களில் இருவருக்கு ஒருவர் வயிற்றைக் கிழித்தால்தான் பெற முடியும் என்று உடம்பு திடீரென்று மாறிவிடவில்லை. ஆஸ்பத்திரிகளின் பங்கு பெரிது, அதை மறைக்க மாட்டேன். நம் பங்கையும் சொல்ல வேண்டும். ஜோசியர் குறித்துக் கொடுத்த நேரத்துக்குள் எடுத்துவிடுங்கள் என்று சீட்டோடு வந்து நிற்கும் குடும்பங்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். வலியைக் கேட்டுப் பயந்து, கிழித்தே எடுத்துவிடுங்கள் என்று வாசலில் கத்தும் அப்பாக்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று அவர்களுக்குச் சொல்ல ஒரு ஆள் இல்லை, அதனால் பயப்படுகிறார்கள்.

உள்ளே நடக்கிற இன்னொன்று. வலியில் கத்துகிற பெண்ணிடம், “அப்போ இனிச்சுதா?” என்று கேட்கிற வாய்கள். இந்த அரங்கில் பிள்ளை பெற்ற பெண்களுக்கு இது புதிதாக இருக்காது. ஒரு தாயிடம் அவள் வாழ்நாள் முழுக்க மறக்காத நேரத்தில் அப்படிப் பேச எவருக்கும் உரிமை கிடையாது. ஷிப்டில் ஆள் போதவில்லை என்பது அதற்குச் சமாதானம் ஆகாது. என் சக செவிலியர்களிடமும் இதைக் கெஞ்சியே கேட்கிறேன்.

அப்படியானால் வீட்டிலேயே பெற்றுக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் இப்போது கிளம்பியிருக்கிறார்கள். கூடாது. திருப்பூரில் 2018-இல் வீடியோ பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்கப்போய் ஒரு இளம் தாய் ரத்தம் கொட்டி இறந்தார். ஆஸ்பத்திரியின் கடுமைக்குப் பயந்து ஓடுகிறவர்களைத் திட்டி மட்டும் திருப்ப முடியாது. ஆஸ்பத்திரிக்குள்ளேயே மருத்துவச்சி இருக்க வேண்டும். ஆபரேஷன் தியேட்டரும் ரத்த வங்கியும் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும்.

பிள்ளை பிறந்த பிறகும் அவள் தேவை. தாய்வீட்டுப் பேறுகாலம் என்று நாம் வைத்திருந்தது பெரிய விஷயம். வெந்நீர் ஊற்றி, பத்தியச் சாப்பாடு போட்டு, நாற்பது நாள் ஓய்வு. இன்று திருப்பூரிலும் ஓசூரிலும் ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிற தம்பதிகளுக்கு அந்த வீடு எங்கே? மூன்றாம் நாள் மார்பு கட்டிக்கொள்கிறது, பிள்ளை அழுகிறது, “பால் பத்தலை” என்று யாரோ ஒருவர் பவுடர் டப்பா வாங்கி வருகிறார். பிள்ளையை மார்போடு சரியாகப் பிடித்துக் காட்ட ஒருத்தி வந்திருந்தால் அந்த டப்பா வந்திருக்காது. ராத்திரியெல்லாம் காரணமில்லாமல் அழுகிற புதுத்தாயைப் பார்த்து, இது மனச்சோர்வு, வைத்தியம் உண்டு என்று சொல்ல ஒருத்தி வேண்டும். இலங்கையில் குடும்பநல உத்தியோகத்தர் இன்றும் வீடு தேடிப் போகிறார், வயிற்றுப் பிள்ளைக்காரியையும் பார்க்கிறார், பெற்றவளையும் பார்க்கிறார். நம்மிடமும் துணை சுகாதார நிலையங்களும் கிராம சுகாதாரச் செவிலியர்களும் உண்டு. அவர்கள் நேரத்தைப் பதிவேடும் கம்ப்யூட்டரும் தின்கின்றன.

ஆண்களுக்கு ஒன்று. நம் அரசு மருத்துவமனைகளில் 2004-லேயே பிரசவத் துணை என்ற ஏற்பாடு வந்துவிட்டது. பெண் உறவினர் ஒருவர் உள்ளே கூட இருக்கலாம். எத்தனை பேருக்கு இது தெரியும்? ஏழாம் மாதப் பரிசோதனைக்கு மனைவியோடு நீங்களும் போங்கள். யார் துணைக்கு வரலாம் என்று அன்றைக்கே கேட்டு வையுங்கள். அம்மாவா, அக்காவா, அத்தையா, அவளுக்கு யார் வேண்டும் என்பதை அவளே சொல்லட்டும். வளைகாப்புக்கு மண்டபம் பார்க்கிற அக்கறையில் பாதி இதற்கு இருந்தால் போதும். இடம் குறுகலாக இருக்கிறது, பக்கத்துப் பெண்களுக்குச் சங்கடம் என்று சொல்வார்கள். ஒரு திரைச்சீலை போடச் சொல்லிக் கேளுங்கள். நம் ஊர் மருத்துவமனைக்கு அந்தத் திரைகளை இந்த வாசகர் வட்டமே வாங்கிக் கொடுக்கலாமே.

தலைவர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வெளியூர்ப் பேச்சாளர் யாரும் வேண்டாம். நம் வட்டாரத்தின் கிராம சுகாதாரச் செவிலியர்களை மேடைக்கு அழையுங்கள். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் தாய்மாரோடு இருக்கிறார்கள், எத்தனை மணி நேரம் பதிவு போடுகிறார்கள் என்று அவர்கள் வாயாலேயே சொல்லட்டும். அதை அப்படியே எழுதி, 18 மாத மருத்துவச்சிப் பயிற்சிக்கு நம் மாவட்டத்திலிருந்து ஆள் அனுப்பச் சொல்லி, எல்லாரும் கையெழுத்துப் போட்டு ஆட்சியரிடம் கொடுப்போம். முதல் கையெழுத்தை நான் போடுகிறேன்.