மலேசியாவுக்கு முதன்முறை செல்வோர்க்கு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விடுமுறை வந்தால் ஊருக்குப் போய் வருவதே தில்லித் தமிழ்க் குடும்பங்களின் நெடுநாள் வழக்கம். இப்பொழுது மலேசியா சென்று வரவும் பலர் விரும்புகின்றனர். தில்லியிலிருந்து விமானத்தில் ஏறத்தாழ ஐந்தரை மணி நேரப் பயணம்தான். எனினும் அது வேற்று நாடு என்பதை மறத்தலாகாது. ஆகவே பயன்படும் செய்திகள் சிலவற்றைக் கூற விழைகிறேன்.

முதலாவது, பயண ஆவணங்கள். கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். 2023 டிசம்பர் முதல் இந்தியர் முப்பது நாள் வரை விசா இன்றித் தங்கச் சலுகை அளிக்கப்பட்டது. இத்தகைய சலுகைகள் காலவரையறை உடையவை. ஆதலால் பயணச்சீட்டு வாங்குமுன் அந்நாளைய விதியைத் தூதரகத்தின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். வருகைப் படிவத்தைப் போய்ச் சேரும் முன் மூன்று நாட்களுக்குள் கணினி வழியே நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. கட்டணம் கேட்கும் இடைத்தரகரை நம்பாதீர்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சுற்றிப் பார்க்க அளிக்கும் அனுமதி வேலை செய்வதற்கு உரியதன்று. “இப்படியே போய்விடு, அங்கே வேலை ஏற்பாடு செய்கிறேன்” என்று கூறும் முகவர்களால் நம் ஊர்ப்புற இளைஞர் பலர் பொருளை இழந்து சிறையும் புகுந்திருக்கின்றனர். அத்தகைய இளைஞர் தில்லி வழியாகச் செல்லக் கண்டால் தடுத்து அறிவுரை கூறுவது நம் கடமை. பிறர் தரும் பொட்டலத்தை, உறவினரே தந்தாலும், உள்ளிருப்பது அறியாமல் எடுத்துச் செல்லாதீர்கள். போதைப்பொருள் கடத்தலுக்குக் கட்டாய மரண தண்டனை 2023-இல் நீக்கப்பட்டது உண்மையே. ஆனால் மரண தண்டனை விதிக்கும் அதிகாரம் நீதிபதிக்கு இன்னும் உண்டு. நாம் உண்ணும் மருந்துகளுடன் மருத்துவர் சீட்டையும் வைத்துக்கொள்ளல் நலம்.

அடுத்து, அன்றாட வாழ்க்கை. அந்நாட்டுக் கடிகாரம் நம்முடையதினும் இரண்டரை மணி முந்தியது. தில்லிக் குளிருக்குத் தைத்த கம்பளி உடைகளுக்கு அங்கே வேலையில்லை. ஆண்டு முழுதும் வெப்பமும் மழையுமே. பருத்தியுடையும் குடையும் போதும். மின்செருகி மூன்று தட்டைக் கால்களை உடையது. நாணயம் ரிங்கிட், அங்குள்ள தமிழர் அதனை ‘வெள்ளி’ என்பர்.

மரக்கறி உண்போர் சற்று விழிப்பாயிருத்தல் வேண்டும். காய்கறிக் குழம்பிலும் ‘பெலாச்சான்’ என்னும் இறால் விழுது கலந்திருக்கலாம்; ‘நாசி லெமாக்’ உணவின் சம்பலில் நெத்திலிக் கருவாடு இருக்கும். இறைச்சி, மீன், இறால் மூன்றும் வேண்டாமென்று தனித்தனியே சொல்லிவிடுங்கள். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் வாழையிலைச் சாப்பாடு எளிதில் கிடைக்கும். கொடுப்பதும் வாங்குவதும் வலக்கையால் ஆகுக. ஒருவரைச் சுட்டுவிரலால் காட்டுதல் அங்கே பண்பன்று. மலாய்க்காரர் கட்டைவிரலால் காட்டுவர். ‘தெரிமா காசே’ என்றால் நன்றி. ‘கெடாய்’ என்பது நம் ‘கடை’யே என்று அறியும்போது நம் குழந்தைகள் மகிழ்வர்.

பத்துமலை காணாமல் திரும்புவோர் இரார். கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையத்திலிருந்து நேரே ரயில் உண்டு. 272 படிகள்; வெயில் ஏறுமுன் காலையிலேயே ஏறிவிடுங்கள். குரங்குகள் கைப்பையைப் பறிக்கும். 140 அடி உயர முருகன் திருவுருவம் 2006-இல் திறக்கப்பட்டது. நேரமுடையோர் கெடா மாநிலத்துப் பூஜாங் பள்ளத்தாக்கையும் காண்க. 1025-இல் இராசேந்திர சோழன் படையெடுத்த கடாரம் அம்மாநிலமே என்பர். பழங்கோயில்களின் அடித்தளங்கள் அங்கே உள்ளன.

இவை எல்லாவற்றினும் முக்கியமான ஒன்றை இறுதியாகக் கூறுகிறேன். அங்கு வாழும் தமிழரை நாம் எவ்வாறு அணுகுகிறோம் என்பதே அது. அவருள் பெரும்பாலோரின் முன்னோர் கங்காணிகளால் திரட்டப்பெற்று, நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பால்மரக் காடுகளில் உழைத்தவர். ஜப்பானியர் ஆட்சியில் 1942-43 ஆண்டுகளில் சயாம் இரயில் பாதை போட இழுத்துச் செல்லப்பட்டு மாண்ட தமிழர் பல்லாயிரவர். அத்தனை துயரிலும் அவர்கள் மொழியை விடவில்லை. பினாங்கில் 1816-இல் தொடங்கிய தமிழ்க் கல்வி இன்று ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகளாக வளர்ந்துள்ளது. முதல் உலகத் தமிழ் மாநாடு 1966-இல் நடந்ததும் கோலாலம்பூரிலேதான்.

“பசியாறிவிட்டீர்களா?” என்று அவர்கள் கேட்பது, காலையுணவு ஆயிற்றா என்னும் பொருளில். அச்சொல்லைக் கேட்டு நகைக்க வேண்டா. நாம் கைவிட்ட சொல்லை அவர்கள் காத்து வைத்திருக்கின்றனர். “நீங்கள் எப்போது இந்தியா திரும்புவீர்கள்?” என்றும் கேட்க வேண்டா, அதுவே அவர்கள் நாடு. கடைகளுக்குச் செல்லும் நேரத்தில் ஒரு பொழுதையேனும் ஒதுக்கி, அனுமதி பெற்று, ஒரு தமிழ்ப் பள்ளியை நம் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கணக்கையும் அறிவியலையும் தமிழில் கற்கும் சிறுவரைக் கண்டால், தில்லியில் தமிழெழுத்துக் கற்கத் தயங்கும் நம் பிள்ளைகளுக்கும் ஊக்கம் பிறக்கும். அங்கிருந்து கொண்டுவரத்தக்க பொருள் இதனினும் வேறில்லை.

சென்று வருக, நலமே திரும்புக.